செஞ்சிக் கோட்டையும் ஒரு பத்தியச் சட்டியும்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பத்து வருடத்துக்கு மேலாகிறது. செஞ்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படும். பஸ், ஆட்டோ, மலை ஏறும் நேரம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. ஒரு பெரிய மனிதரின் பேச்சுக்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது. அதற்குச் சாட்சி தேடிப் போனேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் குழம்பும். ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தேன். கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போனவர்களுக்கு, அதற்குள் போகிற பெரிய ரத்தக் குழாயில் அழுத்தம் கூடிவிடும். வழி கிடைக்காத ரத்தம் பக்கத்துக் குழாய்களில் ஏறும். உணவுக்குழாயின் அடியில் இருக்கிற மெல்லிய ரத்த நாளங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கும். ஒரு நாள் அதில் ஒன்று வெடிக்கும். வாய் வழியாக ரத்தம் கொட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அந்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அதை எங்கள் மருத்துவமனையும் வேறு சில நகரங்களில் உள்ள மருத்துவமனைகளும் சோதித்துப் பார்த்தன. நோயாளிகளை வரவழைப்பதும், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும், பக்க விளைவு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதுவதும் என் வேலை.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் தலைசுற்றல் வந்தது. எழுந்து நின்றால் மயக்கம், நடந்தால் விழுதல். ரத்தத்தில் உப்புச் சத்து சரசரவென்று இறங்கியது. மற்ற நகரங்களில் அப்படி இல்லை. "ஏன் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும்? ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் சார்" என்று தலைமை டாக்டரிடம் கேட்டேன். எழுதியும் கொடுத்தேன்.

"நாம பண்றது ஆராய்ச்சிய்யா, சென்சஸ் இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற ஜூனியர் டாக்டர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. யார் யார் என்பதும்.

மயக்கம் மாத்திரையின் பக்க விளைவு என்று அவர் அறிக்கை கொடுத்தார். மாத்திரை நிறுத்தப்பட்டது. கொஞ்ச நாளில் கம்பெனியே அதைக் கைவிட்டது. ஆபத்தான மருந்தை நேரத்தில் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பெயர் வந்தது, மேடை மேடையாகப் பேசினார். எனக்கு, 'நோயாளிகளைச் சரிவரக் கண்காணிக்கவில்லை' என்ற ஒரு வரியும் வீட்டுக்குப் போகிற வழியும் கிடைத்தன. அந்த வரி இருக்கும்வரை இந்தத் துறையில் எவனும் வேலை தர மாட்டான். இப்போது மருந்துக் கம்பெனிகளின் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன்.

போன மாதம் அவருக்குப் பாராட்டு விழா. யாரோ வீடியோ அனுப்பினார்கள். பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தேன். அந்தப் பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "செஞ்சிப் பக்கத்து ஆளுங்க இருக்காங்களே, நமக்கு முன்னாடி மாத்திரை, நம்ம முதுகுக்குப் பின்னாடி பாட்டில்! அப்புறம் மயக்கம் வராம இன்னா வரும்?" என்றார். அந்த 'இன்னா'வை வேண்டுமென்றே இழுத்துச் சொன்னார். அன்று மாத்திரையின் கோளாறு என்று அறிக்கை கொடுத்தவர் இப்போது பாட்டில் என்றார்; அரங்கம் சிரித்துக் கைதட்டியது.

எனக்கு அந்தோணிசாமியின் முகம் வந்தது. கட்டட வேலையில் கம்பி கட்டும் மேஸ்திரி. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர்தான், அதில்தான் கல்லீரல் போனது. முதல் தடவை ரத்தம் எடுத்த அன்று விட்டவர் பிறகு தொடவில்லை என்று எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் மறுபடி ரத்தம் எடுத்து இறந்துபோனார். செத்தவரைக் குடிகாரப் பொய்யர் என்று மேடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் மனைவியைப் பார்த்து, கணவர் குடிக்கவில்லை என்று அந்த அம்மாவின் வாயால் கேட்டு, என் பெயரில், அந்த டாக்டரின் பெயரைப் போட்டே எழுதுவது என்று முடிவு செய்தேன். செஞ்சிக்குப் போன காரணம் இதுதான்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்குத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். திண்டிவனம் வழியாக ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், டிக்கெட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு ரூபாய்தான். ஒன்பது மணிக்குள் செஞ்சியில் இறங்கிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிளம்புவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அன்று அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் திண்டிவனத்திலேயே ஏறிவிட்டது. என் மடியில் யாரோ ஒருவரின் பூக்கூடை, தோளில் இன்னொருவரின் தூக்கம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றன. நிற்கக்கூட இடம் இல்லை.

ஓர் ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். "மலையனூரா சார்?"

"இல்லை."

"அப்ப கோட்டை. ஏறு சார்."

"கோட்டையும் இல்லை. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு ஊருக்குப் போகணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அமாவாசையும் அதுவுமா சாமியும் வேணாம், மலையும் வேணாம்னு செஞ்சிக்கு வந்த ஒரே ஆளு நீதான் சார். பொண்ணு பாக்கப் போறியா?"

"இந்த வயசுலயா?"

"பையனுக்குத்தான் கேட்டேன் சார். உனக்கு ஆசையப் பாரு."

ஊரின் பெயரைச் சொன்னதும், இந்த நேரத்தில் அங்கே யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், எல்லாரும் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில் இருப்பார்கள், மத்தியானத்துக்கு மேல் போனால்தான் ஆள் கிடைக்கும் என்றார். அதுவரை கோட்டை பார்க்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஷேர் ஆட்டோ என்றால் இதைவிடக் குறைவு. திருவண்ணாமலை போகிற டவுன் பஸ்களும் நிற்கும்.

ரோட்டுக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி. நேரம் குறைவாக இருப்பவர்கள் கிருஷ்ணகிரியை ஏறுங்கள், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் ராஜகிரிக்குப் போனேன். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். வாங்கிய சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், எதிர் மலையிலும் கேட்பார்கள். பிற்பகலில் உச்சிக்கு ஏற விடுவதில்லை, அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கீழே கல்யாண மகாலும் குதிரை லாயங்களும் பெரிய களஞ்சியமும் இருக்கின்றன. களஞ்சியத்துக்குள் நின்று பேசினால் குரல் திரும்பி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து தங்கள் வாத்தியாரின் பட்டப்பெயரைக் கத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வெளியே நின்று கேட்காத மாதிரி வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

ராஜகிரியை அந்தோணிசாமிதான் எனக்குக் காட்டுவதாக இருந்தது. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுக்க வரும்போதும் சொல்வார். "ஒடம்பு தேறட்டும் சார், ராஜகிரிக்கு உன்னக் கூட்டிம்போறேன். நான் ஏறிடுவேன். நீதான் கமலக்கண்ணியம்மன் கோயிலாண்ட உக்காந்து மூச்சு வாங்குவ." அவர் சொன்னபடியே ஆனது. அந்தச் சின்னக் கோயிலருகே உட்கார்ந்து கால் மணி நேரம் மூச்சு வாங்கினேன். ஒரு குரங்கு வந்து என் பையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போனது. பையில் தின்பண்டம் வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எதுவும் கிடைக்காது.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். நடுவில் ஆழமான வெடிப்பு, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால்தான் மேல்கோட்டை. எனக்கு ஏறுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார்கள். மேலே ரங்கநாதர் கோயில், இன்னொரு களஞ்சியம், மணிக்கூண்டு. நான்கு பக்கமும் யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைக் குன்றுகள். நடுநடுவே நெல்லும், இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையும் விளைந்திருக்கும் நிலம். காற்று நன்றாக இருந்தது. நான் அதை அனுபவித்தேனா என்றால் இல்லை. மேல்கோட்டை மதிலில் சாய்ந்துகொண்டு, அந்த டாக்டருக்கு எதிராக எழுதப்போகும் கட்டுரையின் முதல் பத்தியை மனசுக்குள் பத்து முறை திருத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரம் ஏறி, ஒரு மனிதனின் முகத்தை நினைத்துக்கொண்டு இறங்கினேன். பத்து வருடமும் இப்படித்தான் போயிருக்கிறது.

கீழே இறங்கி ரோட்டோரக் கடையில் சாப்பிட்டேன். அளவுச் சாப்பாடு எண்பது ரூபாய், மோர் நன்றாக இருந்தது. காலையில் வந்த அதே ஆட்டோக்காரர் காத்திருந்தார். போக வர, அங்கே நிற்பதற்கும் சேர்த்து நானூறு ரூபாய் பேசிக்கொண்டோம். அவலூர்பேட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வலது பக்கம் தார் பெயர்ந்த கிளைச் சாலை. முனையில் நீல நிற மாதா கெபி, சின்னக் குகை மாதிரிக் கட்டிய கோயில். அதைத் தாண்டினால் ஊர்.

அந்தோணிசாமியின் மனைவி ஸ்டெல்லா அப்போதுதான் ஏரி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார்.

"மாத்திர சாரா? இன்னா சார், முடியெல்லாம் போயிட்டுது!"

"வயசாகுதில்ல, ஸ்டெல்லாம்மா."

"வயசு எங்களுக்கும்தான் ஆவுது. எங்க முடி போவலியே." பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆட்டோக்காரரையும் விடவில்லை. "நீ இன்னாய்யா வெளிய நிக்கிற? வந்து குந்து. சார் மீட்டர் போட்டா வந்திருக்காரு?"

டீ வந்தது. மகள் ஜெனிபர் நர்ஸுக்குப் படித்து முடித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாளாம். அவள் அனுப்பும் பணத்தில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார்களாம். சுவரில் அந்தோணிசாமியின் படம். நான் பார்த்த ஆளைவிட அதில் நல்ல சதைப்பிடிப்பாக இருந்தார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "ஆராய்ச்சி நடந்தப்ப அவர் திருட்டுத்தனமா குடிச்சார்னு இப்ப ஒருத்தர் மேடையில சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எவன் சொன்னது?"

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"எவன் சார் சொன்னது? எழுந்திரு. எழுந்து வா."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார், ஆட்டோக்காரரும் கூடவே வந்தார். முருங்கை மரத்தடியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த ஒரு சின்ன மண்சட்டியைக் காட்டினார். விளிம்பு லேசாக உடைந்திருந்தது.

"இதுல பாரு. இது அவரு பத்தியச் சட்டி. உங்க மாத்திரைய ஆரம்பிச்ச அன்னிக்குத் திருவண்ணாமலை சந்தையில புதுசா வாங்கினேன். இதுல உப்பு பட்டதே இல்ல. புளி இல்ல, எண்ண இல்ல, கறி மீனு இல்ல. அவ்ளோ பெரிய மாத்திர, சும்மா சாப்ட முடியுமா? பத்தியம் இல்லன்னா முறிஞ்சிடாது? பச்சரிசிக் கஞ்சி, பயத்தம் பருப்பு. அவ்ளோதான். அந்த மனுசன் அழுவாரு சார். வாயில வெச்சிக்கிட்டு முழுங்க முடியாம அழுவாரு. நான் விட மாட்டேன். இப்படிப் பத்தியம் காத்த மனுசன் பாட்டில தொடுவாரா? அந்தாளக் கூட்டிம்வா, இந்தச் சட்டி முன்னால நிக்க வெச்சிக் கேக்குறேன்."

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி எல்லா நோயாளிகளுக்கும் மருத்துவமனையில் சொல்வோம். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்த்தால் அது தேவை. அதோடு நீர் பிரிய மாத்திரையும் உண்டு. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, அதற்கு மேல் ஒரு துளி உப்பு இல்லாத கஞ்சி. ரத்தத்தில் உப்பு இறங்காமல் என்ன செய்யும்? மயங்கி விழாமல் என்ன செய்வார்கள்?

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"நீ கேட்டியா சார்? குடிக்கிறியான்னு கேட்ட, பீடி புடிக்கிறியான்னு கேட்ட, நாட்டு மருந்து குடுக்கிறியான்னு கேட்ட. கீழாநெல்லிகூடக் குடுக்கலியே நான், நீ வேணாம்னு சொன்னதுக்காவ. பத்தியத்தப் போயி டாக்டருங்க கிட்ட எவளாவது சொல்லுவாளா? அது பொம்பளைங்க பாத்துக்கறது." பிறகு சற்றுப் பெருமையாகவே சொன்னார். "மத்தவளுங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்திருக்கசொல்ல ஒவ்வொருத்தியாச் சொல்லிக்குடுத்தேன். தனிச் சட்டி வாங்குங்கடி, உப்பக் காட்டாதீங்கடின்னு. அப்புறம்தான் அவளுங்களும் செஞ்சாளுங்க."

செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஏன் என்ற என் கேள்விக்கு, பத்து வருடம் கழித்து, ஒரு முருங்கை மரத்தடியில் பதில் கிடைத்துவிட்டது. அந்தோணிசாமி குடிக்கவில்லை. மாத்திரையிலும் கோளாறு இல்லை. டாக்டர் சொன்ன இரண்டுமே தப்பு. இதற்காகத்தானே வந்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு சார். தப்பு எம்மேலதான். உங்கிட்ட சொன்னா என்னா."

"என்ன?"

"எங்க ஊரு மாதா தேர். எல்லார் வீட்டுலயும் கறி. அவரு சின்னப் புள்ள மாதிரி என் கையப் புடிச்சிக்கிட்டு, ஒரே ஒரு வேளை நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு போடுடி, அப்புறம் சாவற வரைக்கும் கேக்க மாட்டேன்னாரு. மனசு கேக்கல. போட்டுட்டேன். ரெண்டு தட்டு சோறு தின்னாரு. பத்தியம் முறிஞ்சிட்டுது. கொஞ்ச நாள்ல நீங்களும் மாத்திரைய நிறுத்திட்டீங்க. அப்புறம் போயிட்டாரு. அந்தக் கொழம்புதான் சார் அவரக் கொன்னுது. அதுக்கப்புறம் நான் கருவாட்டக் கையால தொடல. பக்கத்து வீட்டுல வறுத்தாகூட எழுந்து போயிடுவேன்."

"கருவாடு சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தார்?"

யோசித்தார். "அன்னிக்கும் மறுநாளும் மயக்கமே இல்ல. தேர் கூடவே நடந்தாரு. சைக்கிள எடுத்துக்கினு அவலூர்பேட்ட வரைக்கும் போயி எனக்கு வளையல் வாங்கியாந்தாரு."

எனக்கு இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான். அதைச் சொல்லிவிட்டேன். "ஸ்டெல்லாம்மா, நான் படிச்ச படிப்பு மேல சத்தியமா சொல்றேன். அந்தக் கருவாட்டால அவருக்கு ஒண்ணும் ஆகல. அது அவருக்கு நல்லதுதான் செஞ்சுது. அந்த ரெண்டு நாள் அதனாலதான் நடந்தார்."

"நெசமாவா?"

"நிஜமா."

"எனக்காவ சொல்லாத சார்."

"உங்களுக்காகச் சொல்லல."

ஸ்டெல்லா முருங்கை மரத்தில் சாய்ந்துகொண்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "அப்ப எதனால சார் போனாரு?"

"மாத்திரை நின்னதால."

"மாத்திரைய ஏன் நிறுத்தினாங்க?"

பதில் அவருக்குப் பின்னால் தரையில் இருந்தது. ஒரு கோழி அதில் அலகை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. "கேக்க வேண்டியதைக் கேக்காம நிறுத்திட்டாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. இத்தனை வருடம் அந்த டாக்டரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறையும் வாய் இவ்வளவு கசந்ததில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய மல்லாட்டை கட்டிக்கொடுத்தார். "எழுதப் போறேன்னியே, எழுது. உம் பேரப் போட்டு எழுது. எழுதினதும் ஜெனிபருக்கு அனுப்பிவிடு, அவ எனக்குப் படிச்சிக் காட்டுவா. எம் புருசன் குடிக்கலன்னு ஊரே படிக்கணும்." என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் சுற்றுலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் வந்ததும், "சார், அந்தம்மா சட்டி காட்டினாங்களே. அதுல ஏதோ இருக்குதில்ல?" என்றார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். "சரி வுடு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அமாவாசையன்று செஞ்சியில் இது அபூர்வம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மாலை நான்கு மணி பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்போது ஜெனிபர் கூப்பிட்டாள்.

"சார், அம்மா போன் பண்ணுச்சு. கருவாட்டால இல்லன்னு சொன்னீங்களாம். குரலே வேற மாதிரி இருக்குது சார். ராத்திரிக்கு நெத்திலி வாங்கப் போறேன்னு சொல்லுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு மேல எதுவும் சொல்லலியே?"

"எதுக்கு மேல?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க சார். நான் நர்ஸு. ரெண்டாம் வருசம் சோடியம் குறைஞ்சா இன்னா ஆவும்னு மேடம் பாடம் எடுத்தாங்க. பாதியில எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டேன். நைனா கஞ்சியக் கையில வெச்சிக்கிட்டு அழுதது கண்ணு முன்னால நின்னுது. அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"எப்படி சார் சொல்றது? கருவாட்ட நெனச்சு அழுவுது, அழுவட்டும், அது சின்ன அழுகைன்னு விட்டுட்டேன். கருவாடு இல்லம்மான்னு சொன்னா, அப்ப எதுன்னு கேக்கும். எனக்கு அதுக்குப் பதில் வராது. நீங்க எப்படியோ சொல்லிட்டீங்க. ஆனா எழுதப் போறீங்களாமே."

"உங்க நைனா குடிக்கலன்னு எழுதணும் ஜெனிபர். அந்த ஆள் மேடையில..."

"எழுதுங்க சார். வேணாம்னு சொல்லல. ஆனா உங்க பேரு இருந்துச்சுன்னா அந்த ஆஸ்பத்திரி பேரு தெரியும், அப்புறம் எந்த ஆராய்ச்சின்னு தெரியும். அந்த பெஞ்சில உக்காந்த அக்காங்க பாதிப் பேருக்கு இப்ப புருசன் இல்ல. எல்லாருக்கும் பத்தியம் சொல்லிக்குடுத்தது யாருன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்குது."

வெளியே ஒலக்கூர் போர்டு போனது. இந்தப் பெண் பதினெட்டு, பத்தொன்பது வயதிலிருந்து இதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். நான் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. செஞ்சிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம், பங்குனியில் பாறை அனல் கக்கும். அமாவாசையைத் தவிருங்கள். இரண்டு மலையும் ஏறவேண்டும் என்றால் ஓர் இரவு தங்குங்கள், பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாதாரண லாட்ஜ்கள் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டம் இல்லை. கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் உடம்பு தேறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீழ்க்களஞ்சியம் வரைக்குமாவது போய்விட்டு வாருங்கள்.

வீட்டில் கல்லீரல், இதயம், சிறுநீரகம் என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால், உப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் அளவு கேளுங்கள். குறை என்றால் அடியோடு நிறுத்து என்று அர்த்தமில்லை. பத்தியம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்து ஆராய்ச்சி செய்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், நோயாளியிடம் கேட்டு முடித்த பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியிடம் போய், நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

இதில் வரும் பெயர்கள் எதுவும் உண்மையான பெயர்கள் அல்ல. அந்த ஊர் அவலூர்பேட்டை ரோட்டிலும் இல்லை. கைதட்டிய அரங்கத்துக்கு இது போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், பெயரில்லாத ஒருவன் சொல்வதை யார் மதிப்பார்கள்? அந்த டாக்டர் அதே மைக்கில் இன்னொரு முறை சொல்வார், இன்னொரு முறை சிரிப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

ராஜகிரி உச்சியில் பத்து முறை திருத்திய அந்த முதல் பத்தியில் என் பெயர், என் படிப்பு, நான் வேலை பார்த்த இடம், அவர் பெயர் எல்லாம் இருந்தன. நேற்றுவரை அதை அப்படியே வைத்திருந்தேன். சாயங்காலம், லீவில் ஊருக்குப் போயிருந்த ஜெனிபரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவள் அம்மா வீட்டு அடுப்பில் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் ஸ்டெல்லாவின் கை, அதில் பழைய வளையல். அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அந்தப் பத்தியை முழுதாக அழித்தேன். இந்தத் தளத்தில் கட்டுரைக்குக் கீழே பெயர் போட ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாகவே விட்டு ஏற்றுகிறேன்.